என் பின்னலுக்கு நீ வாங்கிய கைதட்டு

அன்புள்ள லூர்து,

மாதாவின் கிருபையால் நானும் உன் நைனாவும் நலம் என்று எழுதித்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். இந்தத் தரம் அப்படித் தொடங்க மனம் வரவில்லை. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை மட்டும் தெரிந்துகொண்டு மேலே படி.

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசி அனுப்பியதை நான்கு தரம் கேட்டேன். முதல் தரம் கேட்கும்போது கையெல்லாம் இறால் தோல். முழங்கையால்தான் போனைத் தட்டினேன். "ம்மா, நம்ம நாடகத்தைப் படமா எடுக்கறாங்கம்மா. நான்தான் மெயின். அமெரிக்கா எல்லாம் இல்ல, கதையை நம்ம ஏரிக்கே கொண்டாந்துட்டாங்க. அந்தப் பின்னல் சீனை நம்ம வூட்லயே எடுக்கலாம்னு டைரக்டர் சொல்றாரு. நீ அன்னிக்கு எனக்குப் பின்னிப் பின்னி அவுத்தியே, அதை ஒரே ஒரு வாட்டி அவர் முன்னால செஞ்சு காட்டும்மா. உன் கை எப்டி போச்சுன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல." கடைசியில் சிரித்தாய். மற்ற மூன்று தரமும் அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் போட்டேன். பயத்தில் சிரித்தாயா சந்தோஷத்தில் சிரித்தாயா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை. நடிகையைப் பெற்றால் இதுவும் உண்டு போலிருக்கிறது.

என் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உனக்கு ஒரு பிரதி, போன மாதம் உன் பேட்டியைப் போட்ட வாரப் பத்திரிகைக்கு ஒரு பிரதி. நீ ஊரறியச் சொன்னதற்கு நான் உன் காதில் மட்டும் பதில் சொன்னால் சரியாகாது. அந்தப் பேட்டி எனக்கு மனப்பாடம். அப்பா கடலில் போய்விட்டார் என்று செய்தி வந்த நாளில் அம்மா அழாமல் என் தலையைப் பின்னிக்கொண்டே இருந்தார், அப்படியொரு அன்பையும் அப்படியொரு விசுவாசத்தையும் நான் பிறகு எங்குமே பார்க்கவில்லை, என் பின்னல் காட்சி அங்கிருந்து வந்தது என்று சொல்லியிருந்தாய். உன் நைனா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். சேலை எடுக்கும்போதெல்லாம் அது என் முகத்துக்கு நேரே நிற்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் நாடகத்தைப் பார்க்க வந்தது உனக்கு நினைவிருக்கும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, நான் ஒருபொழுது விரதம். பாக்கியம் அக்கா மட்டும் வழி நெடுக வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். சின்ன ஹால். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு டிரங்குப் பெட்டி, கண்ணாடி இல்லாத வெறும் கண்ணாடிச் சட்டம். ஒன்றரை மணி நேரம் நீ ஒருத்தியே. பாக்கியம் அக்கா காதுக்குள், "இன்னாமே இது, வேற ஆளே கெடைக்கலியா இவங்களுக்கு? எல்லாத்தையும் நம்ம புள்ளையே பேசுது!" என்றாள். எனக்குச் சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வந்தன. கடைசிக்கு முந்தின காட்சி வரும்வரை அந்தப் பெருமை இருந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால், சினிமாவுக்கு இன்னும் பேச்சு வராத காலத்தில் இருந்த ஓர் அமெரிக்க நடிகையின் கதை அது. நீ எழுதி வைத்திருந்த நாடக நோட்டை வாங்கிவந்து விரல் வைத்து மூன்று தரம் படித்தேன். கைக்குழந்தையாக மேடையில் தூக்கிக் காட்டப்பட்டவள். ரயிலில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் வளர்ந்து, பள்ளிக்கூடமே போகாமல் வசனத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்தேன். நானும் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தே எழுத்துக் கற்றவள். சினிமா வந்தபோது நாடகக்காரர்கள் அதைக் கேவலமாக நினைத்தார்கள் என்று பெயர் போடாமல் நடித்தாள். விளக்குச் சூட்டில் கண் வெந்து, ராத்திரி உருளைக்கிழங்கை அரைத்துக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தாள். நிஜமான பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் குதித்தாள். பெயர் வந்ததும் சினிமாக் கம்பெனிக்காரன் அவளுக்கு வேறு பெயர், வேறு ஊர் வைத்து, மூன்று வயதையும் குறைத்தான். அம்மா செத்துப்போனதாக எழுதினான். அவள் அம்மா அடுத்த தெருவில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சினிமா பேச ஆரம்பித்தது. அவள் வாயைத் திறந்தால் பிறந்த ஊர் தெரிந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்கப்புறம் வேலைக்காரி, வாடகைக்கு வீடு விடுகிறவள், ஓரத்தில் நின்று கண் துடைக்கும் தாய். ஒரு நாள் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுவிட்டுப் பஸ் ஏறிப் போகிறாள். அதோடு நாடகம் முடிகிறது.

நீ ஏன் இவளைப் பிடித்தாய் என்று எனக்குப் புரிந்தது. உன் முதல் படத்தில் வாய் உன்னுடையது, பேச்சு வேறு எவளுடையதோ. 'இன்னா'வும் 'வுடு'வும் வராத ஒரு குரலை உன் வாயில் வைத்தார்கள். சினிமாக்காரர்கள் உனக்கு வைத்த பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. சொந்த ஊர் சென்னை என்று போட்டுக்கொண்டாய். அதற்கு நான் கோபப்பட முடியாது. ஏனென்றால் ஆறு வருஷம் நான் இங்கே எல்லோரிடமும் நீ அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்வதாகத்தான் சொல்லி வந்தேன். நீ ஊரை மறைத்தாய், நான் உன் தொழிலை மறைத்தேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் பத்து வயதில் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் உன்னை மாதா வேஷத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நான்தான் சாமியாரைப் பார்த்து வேண்டாம் என்றேன். உனக்கு ஏரோது ராஜாவைக் கொடுத்தார்கள். கரியில் மீசை வரைந்து நீ கத்திய கத்தலில் முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் அழுதன. வீட்டுக்கு வந்து, "ஏம்மா எனக்கு மாதா குடுக்கல?" என்று கேட்டாய். உன் குரல் பெரிய குரல், அதனால் என்றேன். அது பொய். நீ என்னை உற்றுப் பார்க்கிற பிள்ளை. மாதா வேஷம் கட்டினால் என்னைப் பார்த்துத்தான் நடிப்பாய், நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே ஊருக்கு முன்னால் நிற்பாய் என்று பயந்தேன். ஒரு வேஷத்தைத் தடுத்தால் போதும் என்று நினைத்தேன் பார், அது என் புத்தி.

அந்தக் காட்சிக்கு வருகிறேன். சினிமா கைவிட்டபின் பழையபடி மேடை ஏறும் நடிகை அன்றைய நாடகத்துக்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள். அவள் புருஷன், அவளுக்கு வேலை, சம்பளம் எல்லாம் பேசி முடிக்கிறவன், கார் கவிழ்ந்து செத்துவிட்டதாகத் தந்தி வருகிறது. வெளியே ஜனம் காத்திருக்கிறது. அவள் அழவில்லை. தலையைப் பின்னுகிறாள். முடிவரை பின்னி, அவிழ்த்து, விரலால் கோதி, மறுபடி பின்னுகிறாள். லூர்து, நீ முதல் பின்னலை அவிழ்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலால் வகிடு எடுப்பது, முடியைக் கையில் ஒரு சுற்று சுற்றி இழுப்பது, பின்னலை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது. அது என் கை. மூன்றாவது பின்னலில் நீ உடைந்து அழுதாய். விளக்கு மங்கியது. ஹாலே கைதட்டியது. பாக்கியம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது நீதானேமே! உன்னையே வெச்சிக்கிறா பாரு!" என்று என் தொடையில் அடித்தாள். எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்து வணங்கினாள். வழிப்போக்கர்கள் வீட்டுக்குள் புகுந்து என் உள்பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்து விரித்துப் பார்ப்பது போல இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாடகம் முடிந்து உன் அறைக்கு வந்தேன். முகத்தில் எண்ணெய் தடவி வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"யாரைக் கேட்டு அதைச் செஞ்சே?" என்றேன்.

"எதைம்மா?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

பஞ்சைக் கீழே வைத்தாய். பிறகு சொன்னாய். "என் தலையிலதானேம்மா நடந்துச்சு. வலிச்சது எனக்கு. அப்ப அது என்னோடது இல்லையா?"

வரும் வழியெல்லாம் ரயிலில் அதற்குப் பதில் தேடினேன். இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் சுட்டது. உனக்கு ஒன்று சொல்கிறேன், இதைத் தொழிலுக்கான புத்தியாக எடுத்துக்கொள். மற்றவர்களைப் பார்த்துத்தான் நீ நடிக்க முடியும். நடையை எடு, குரலை எடு, சிரிப்பை எடு. ஆனால் ஒருவரின் துக்கத்தை எடுக்கும் முன்னால், அது துக்கம்தானா என்று அவரைக் கேள். நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது. ஏரியில் அது நம் பாடு இல்லாத நாள்; சீட்டுப் போட்டு முறை பிரித்ததில் அன்று வலை கட்டும் உரிமை வேறு குடும்பங்களுக்கு. பாடு இல்லாத நாளில் மற்ற ஆண்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். உன் நைனா இருக்க மாட்டார். இரண்டு பேரோடு ஃபைபர் படகில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார். காற்று திரும்பி, மணல் திட்டுக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. மத்தியானத்துக்கு முன் அந்த இரண்டு பேரும் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். "அண்ணன் உள்ள போய்ட்டாரு, கண்ணால பாத்தோம்" என்றார்கள். நம் குப்பத்தில் வழக்கம் உனக்குத் தெரியும். தண்ணீரில் போனவன் வீட்டுக்குப் பெண்கள் வந்தால் முதலில் அவன் பெண்டாட்டியின் கொண்டையை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த பிறகுதான் ஒப்பாரி. அவிழ்க்காத தலைக்கு முன்னால் யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழ மாட்டார்கள். இருபது பேர் வந்தார்கள். பாக்கியம் அக்காதான் என் கொண்டையில் கை வைத்தாள். நான் தட்டிவிட்டேன். உன்னை இழுத்து என் முன்னால் உட்காரவைத்து உன் ரிப்பனை உருவினேன்.

"இன்னாடி பண்றே? உன் புருஷன் போய்ட்டான்டி!" என்றாள் அக்கா.

"இவ தலை கலைஞ்சு கீது," என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. சாயங்காலம் வரை உன் தலையைப் பின்னினேன், அவிழ்த்தேன், பின்னினேன். எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைக்கிற எனக்கு அது எத்தனை தரம் என்று தெரியாது. "வலிக்குதும்மா" என்று நீ ஒரு தரம் சொன்னாய், அப்புறம் சொல்லவில்லை. கூட்டத்தில் விசும்பலும் நின்றது. ஒவ்வொருத்தியாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். வெயில் தாழ்ந்தபோது, நனைந்த லுங்கியோடு உன் நைனா வாசலில் வந்து நின்றார். ஆந்திராப் பக்கத்துப் படகு ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கரையில் இறக்கியிருக்கிறது. சுண்ணாம்புக்குளம் வந்து, யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி வந்தாராம். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அவள் தலை அவிழ்க்கவில்லை, புருஷன் வருவான் என்று விசுவசித்தாள், மாதா கொண்டுவந்து விட்டாள் என்றார்கள். அடுத்த ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் என்னைச் சொன்னார். வேறு எந்த வீட்டில் ஆள் திரும்பத் தாமதமானாலும் என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். எந்தப் பெண்ணின் தலையையும் அவிழ்க்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அவர்களில் சிலருடைய புருஷன் திரும்பி வரவே இல்லை, லூர்து.

உன் நைனா அந்த நாட்களில் எப்படி இருந்தார் என்று நீ மறந்திருக்க மாட்டாய். நீ பேட்டியில் அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். குடித்தார். அடித்தார். அந்த வாரம் என் இடது காதில் சத்தம் கேட்காமல் இருந்தது. படகு கவிழ்ந்தது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் சாயங்காலம் வந்தால் பயப்பட வேண்டாம் என்ற நினைப்பு வந்தது. முதுகிலிருந்து உப்பு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி உடம்பு லேசானது. ஒரு மனுஷன் தண்ணீரில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறான், நான் இங்கே முதல் தரமாக மூச்சு விடுகிறேன். அது முகத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தலை அவிழ்த்தால் ஒப்பாரி வைக்க வேண்டும். என்னிடம் ஒப்பாரி இல்லை. அதனால் உன்னை முன்னால் உட்காரவைத்து, உன் தலைக்குப் பின்னால் என் முகத்தைக் குனிந்து மறைத்துக்கொண்டேன். இதுதான் நீ பார்த்த அன்பு. ஊர் பார்த்த விசுவாசம் இதுதான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் முன்னால் நான் பாவங்களை நோட்டில் பென்சிலால் வரிசையாக எழுதிக்கொண்டு போவது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு முருங்கைக்காயைப் பறித்தது முதல் எழுதுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் இதை ஒரு தரம்கூட எழுதவில்லை. நான் செய்த நடிப்புக்கு முன்னால் உன் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

அதனால் உன்மேல் எனக்குக் கோபப்பட உரிமை இல்லையா? இருக்கிறது. நீ எனக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை. அந்த அமெரிக்கக்காரிக்கும் செய்தாய். உன் நாடகத்தின் இரண்டாவது காட்சியில் அவள் கன்னத்துக் காயத்தை வெள்ளைப் பவுடர் போட்டு மறைக்கிறாள். புருஷன்தான் அடித்தான் என்று நீயே வசனம் வைத்திருக்கிறாய். (அந்தப் பவுடரை நீ எங்கே பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குக் கிளம்புவதை நீ கதவோரம் நின்று பார்ப்பாய்.) அப்படி அடித்தவன் செத்தான் என்று தந்தி வந்தால், அவனுக்காக அவள் மூன்றாவது பின்னலில் உடைந்து அழுகிறாளாம். அதெப்படி? பிறந்த ஊரைப் பிடுங்கினார்கள், பெயரைப் பிடுங்கினார்கள், குரலை வேண்டாம் என்றார்கள். கடைசியில் அவளுக்கு என்று மிச்சமிருந்த ஒரு நிம்மதியை நீ பிடுங்கி அழுகையாக மாற்றிவிட்டாய். உனக்குத் தெரியாமல் செய்தாய் என்றுதான் எழுத ஆசை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை, என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள், என் கை நடுங்குகிறதா இல்லையா என்று தெரியாமலா இருந்திருப்பாய்? என் கை நடுங்கவில்லை, லூர்து. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கைதட்டுக்கு எது தோதாக இருக்கும் என்று பார்த்து அழுகையைச் சேர்த்தாய்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். பத்திரிகையில் வந்து அவர் பாக்கியம் அக்கா வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். பின்வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவர் அடித்ததாக எழுதிய இடத்தில் நிறுத்தினேன்.

"இன்னாமே நிறுத்திட்ட? படி," என்றார்.

படித்து முடித்தேன். ஒரு கண்ணி முடிச்சுப் போட்டார், இன்னொன்று போட்டார்.

"எனுக்குத் தெரியும்," என்றார்.

"இன்னா தெரியும்?"

"நான் வரசொல்ல எல்லாரும் ஓடியாந்து கட்டிக்கினாங்க. படகுல கூட வந்த பசங்க அழுதானுங்க. நீ எழுந்துக்கவே இல்ல. புள்ள தலைய புடிச்சிக்கினு குந்தியிருந்த. என்னை நிமுந்து பாத்த. உன் மூஞ்சி தொங்கிப்போச்சி. கடல்ல கூட நான் அப்டி பயப்படல."

"அப்ப ஏன்யா ஒரு வார்த்தை கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? நான் உசுரோட வந்தது உனுக்குப் புடிக்கலியான்னா?" வலையைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் சரக்கு உள்ள எறங்கல எனுக்கு. எல்லாரும் நான் மாதாவுக்கு வேண்டிக்கினுதான் குடிய வுட்டேன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. நானும் அப்டியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"தெரிஞ்சுகினேதான் அந்தப் பேப்பரைக் கத்திரிச்சி ஒட்டினியா?"

"புள்ள போட்டோ நல்லா கீது," என்றார்.

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். உன் சினிமாவில் அப்படித்தான் வைப்பார்கள். நான் அழுவேன், அவர் என் கையைப் பிடிப்பார். நான் எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தேன். எனக்கு வந்தது ஆத்திரம். இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே நான் ஒளித்து வைத்துக் காவல் காத்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு பூசையிலும் அவர் பக்கத்தில் நின்று நான் கூசியதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன், இல்லை அவர் என் காலில் விழுந்திருக்கலாம். இருவரும் செய்யவில்லை. என் உள்ளே இருந்ததை இரண்டு பேர் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள், அவர் என் முகத்தில், நீ என் கையில். அவர் அதை வைத்துக் குடியை விட்டார், நீ அதை வைத்து நடிகையானாய். இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. என்னை மட்டும் விசுவாசக்காரியாக நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் திருந்தினார் என்பதற்காக அடித்தது இல்லாமல் போகாது, அதையும் அவரிடம் சொன்னேன். "போவாது," என்றார். பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன் என்றேன். "பாக்கியம் படிப்பாளே," என்றார். படிப்பாள் என்றேன். "அனுப்பு," என்றார்.

இன்று காலை கோயிலுக்குப் போய், எழுதாமல் விட்டதை எழுதி எடுத்துக்கொண்டு, சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சின்ன வயசுச் சாமியார். திகைத்துப்போய் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். இனி யார் வீட்டுக்கும் தலை அவிழ்க்காமல் இருக்கச் சொல்லப் போக மாட்டேன். கூப்பிடவும் மாட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். செய்து காட்ட மாட்டேன். உன் டைரக்டர் முன்னால் மட்டும் இல்லை, உன் முன்னாலும் மாட்டேன். அதை எடுக்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். உன் தலையில் நடந்தது, உன் பங்கு உனக்கு உண்டு. என் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் எடுப்பதென்றால் எடுங்கள், அன்றைக்கு நான் பொன்னேரிக்குப் போய்விடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்று. மூன்றாவது பின்னலில் வருகிற அழுகையை எடுத்துவிடு. அது என்னுடையதில்லை, அந்த அமெரிக்கக்காரியுடையதும் இல்லை. நான்காவதும் பின்னு, ஐந்தாவதும் பின்னு, கை நடுங்காமல் பின்னு. சந்தோஷப்படுகிறவள் அதைத் தனக்கே காட்டிக்கொள்ளப் பயந்தால் எப்படிக் குனிந்திருப்பாளோ அப்படிக் குனிந்திரு. பார்க்கிறவர்களுக்கு உன்னைப் பிடிக்காமல் போகும். போகட்டும். அந்தக் காட்சி முடியும்போது ஒருவரும் கைதட்டவில்லை என்றால், சரியாகச் செய்துவிட்டாய் என்று தெரிந்துகொள்.

அம்மா